மலையிலிருந்து சைபர்நெட்டிக்ஸ் படிக்கப் போகிறவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்கும் முதலாண்டுக்குள் நுழைந்துவிட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தானாக இயங்கும் எந்திரம், ரோபோ, உடல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் விதம் என்று ஏதோ ஒன்று உங்களைப் பிடித்து இழுத்திருக்கும். தேடிப் பார்த்தபோது சைபர்நெட்டிக்ஸ் என்ற பெயர் கண்ணில் பட்டிருக்கும். அதைப் படிக்க எங்கே சேர்வது, எதில் தொடங்குவது, மலையில் இருந்துகொண்டே இப்போதே என்ன செய்யலாம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. சைபர் செக்யூரிட்டி வேறு, இது வேறு. பெயர் ஒட்டி வருவதால் கவுன்சலிங்கில் மாற்றி எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அது கணினிகளையும் வலையமைப்புகளையும் பாதுகாக்கும் படிப்பு. நாம் பேசுவது, ஒரு அமைப்பு தன் நிலையைத் தானே அளந்து, வேண்டிய நிலையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறைக்கத் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறையைப் பற்றி. அந்தச் சுற்றுக்குத்தான் பின்னூட்டம் என்று பெயர்.

பெயர் வேறு, படிப்பு ஒன்று

தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங் பட்டியலில் சைபர்நெட்டிக்ஸ் என்று தேடினால் கிடைக்காது. 1948-ல் அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் இந்தப் பெயரில் ஒரு புத்தகம் எழுதினார். விலங்குக்கும் எந்திரத்துக்கும் பொதுவான கட்டுப்பாடும் தகவல் பரிமாற்றமும் அதன் பொருள். இரண்டாம் உலகப் போரில் விமானங்களைக் குறிபார்க்கும் பீரங்கிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வு அதற்கு ஒரு தூண்டுதல். அதே வீனர் 1955-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து சில மாதங்கள் தங்கிப் பணியாற்றினார். ஆனால் காலப்போக்கில் இந்தத் துறை உலகெங்கும் பல கிளைகளாகப் பிரிந்துவிட்டது. எந்திரங்களைப் பற்றிய பகுதி கன்ட்ரோல் இன்ஜினியரிங் ஆனது. மற்றவை உயிரியல், பொருளாதாரம், கணினி அறிவியல் என்று ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்விட்டன.

அதனால் நீங்கள் தேட வேண்டிய பெயர்கள் இவை: இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல், எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன். திருச்சி என்.ஐ.டி.யிலும் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் முதல் பெயரில் துறை இருக்கிறது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, கோவை சி.ஐ.டி. ஆகியவற்றில் இரண்டாவது பெயரில். திருச்சிக்கு ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். மற்றவற்றுக்கு மாநிலக் கவுன்சலிங். கட்-ஆஃப் கணக்கு தெரிந்ததுதான்: கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200.

இந்தப் பிரிவுகளில் இடம் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். இ.இ.இ. எடுத்தாலும் கன்ட்ரோல் பாடம் முழுதாக வரும், மின்சாரத் துறைக் கதவும் திறந்திருக்கும். இ.சி.இ., மெக்கானிக்கல், கெமிக்கல் எல்லாவற்றிலும் ஒரு தாளாவது இருக்கும். கெமிக்கலில் அதற்குப் பெயர் பிராசஸ் கன்ட்ரோல். என் கருத்தைக் கேட்டால், பின்னூட்டம்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் இன்ஸ்ட்ருமென்டேஷன் எடுக்கட்டும். கொஞ்சம் தயக்கம் இருப்பவர்களுக்கு இ.இ.இ. நல்லது. கல்லூரியின் பெயருக்காக மட்டும் இரண்டிலும் சேராத ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் இதைப் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆய்வகம் இல்லாமல் இந்தத் துறை கைக்கு வராது.

பொறியியல் மட்டுமே வழி என்றும் இல்லை. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் இளநிலை இயற்பியலோ கணிதமோ முடித்து, முதுநிலையில் இந்தப் பக்கம் திரும்பலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கவுன்சலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் வருகிறவர்களின் கல்லூரி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இப்படி அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வரும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். விண்ணப்பம் தொடங்கிய பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள்.

மூன்று பாடங்களைச் சேர்த்துப் படியுங்கள்

இப்போதே தொடங்கக்கூடிய வேலை உங்கள் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் இருக்கிறது. அணிகள், கலப்பு எண்கள், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள் என்ற மூன்று பாடங்களும் தனித்தனியாக வருகின்றன. தேர்வுக்குத் தனித்தனியாகத்தான் படிக்கிறோம். கன்ட்ரோல் படிப்பில் இவை மூன்றும் ஒரே பாடம்.

எப்படி என்று சொல்கிறேன். வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்தில் நியூட்டனின் குளிர்வு விதி வருகிறது அல்லவா? டம்ளரில் ஊற்றிய டீ, அறையை விட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அந்த அளவுக்கு வேகமாக ஆறும். தீர்வு ஒரு அடுக்குக்குறிச் சார்பு. அதன் அடுக்கில் வரும் எண் குறை எண்ணாக இருந்தால் வித்தியாசம் தேய்ந்து மறையும். மிகை எண்ணாக இருந்தால் வளர்ந்துகொண்டே போகும். அந்த எண் கலப்பு எண்ணாக இருந்தால்? அப்போது ஆட்டம் வருகிறது, மேலும் கீழும் ஊசலாடுகிறது. மெய்ப்பகுதி குறை எண் என்றால் ஆட்டம் அடங்கும், மிகை எண் என்றால் ஆட்டம் பெருகும். பல சமன்பாடுகள் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் அந்த எண்களைக் கண்டுபிடிக்க அணி தேவைப்படுகிறது. அவ்வளவுதான். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868-ல் நீராவி எந்திரங்களின் வேகக் கட்டுப்படுத்திகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் மையமும் இதுதான். சில கவர்னர்கள் ஏன் வேகத்தை நிலைப்படுத்துகின்றன, சில ஏன் வெறிபிடித்ததுபோல் ஆடுகின்றன என்ற கேள்விக்கு, சமன்பாட்டு மூலங்களின் மெய்ப்பகுதியைப் பார் என்றார். மூலங்களைக் கண்டுபிடிக்காமலே அதைச் சோதிக்கும் வழியை 1877-ல் ரவுத் என்ற கணிதவியலாளர் தந்தார். இரண்டாம் ஆண்டில் நீங்கள் மனப்பாடம் செய்யப் போகும் ரவுத் அட்டவணை அதுதான். எதற்காக அந்த அட்டவணை என்பது தெரிந்து போனால் அது பாரமாக இருக்காது.

அதனால் பொதுத் தேர்வு முடிந்த விடுமுறையில் அந்த மூன்று பாடங்களையும் ஒரு நோட்டில் சேர்த்து மறுபடி செய்து பாருங்கள். புதுப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம்.

கண்ணுக்கு முன்னால் இருக்கும் சுற்றுகள்

இந்தத் துறையில் யார் வேகமாக முன்னேறுகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். கணக்கில் கெட்டிக்காரர்கள் மட்டும் அல்ல. எந்த அமைப்பைப் பார்த்தாலும் எது அளக்கப்படுகிறது, எதோடு ஒப்பிடப்படுகிறது, எது திருத்தப்படுகிறது, திருத்தம் பலன் தர எவ்வளவு நேரம் ஆகிறது என்ற நாலு கேள்வியைக் கேட்கப் பழகியவர்கள்தான். நாலாவது கேள்விதான் முக்கியம். பின்னூட்டச் சுற்றில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி தாமதத்தால் வருவது. இதைப் பழக நீலகிரியை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

தேயிலை பேக்டரியில் தொடங்குங்கள். கொழுந்து வாடல் தொட்டியில் கிடந்து, உருட்டி அரைபட்டு, நொதித்து, கடைசியாக ட்ரையருக்கு வருகிறது. அங்கே சூடான காற்று பட்டு, ஈரப்பதம் 3 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். சூடு குறைந்தால் தூள் பூசணம் பிடிக்கும், கூடினால் தீய்ந்த வாடை அடிக்கும். காற்றைச் சூடாக்குவது விறகு அடுப்பு. அடுப்புப் பக்கம் நிற்கிறவர் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து விறகு போடுகிறார். விறகு போட்ட உடனே முள் ஏறாது. கட்டை பற்ற வேண்டும், அடுப்பின் இரும்பு சூடேற வேண்டும், பிறகுதான் காற்று சூடாகும். புதிதாக வேலைக்கு வந்தவர் முள் ஏறவில்லையே என்று இன்னும் இரண்டு கட்டை போடுவார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்து எரிந்து சூடு அளவைத் தாண்டும். உடனே நிறுத்துவார், சூடு தேவைக்குக் கீழே இறங்கும். முள் நாள் முழுக்க மேலும் கீழும் ஆடும். பழகியவர் முள் இறங்கத் தொடங்கும் வேகத்தைப் பார்த்தே கொஞ்சமாகப் போடுவார், போட்டுவிட்டுக் காத்திருப்பார். இவர் செய்வதைக் கணக்காக எழுதினால் பி.ஐ.டி. கன்ட்ரோலர் கிடைக்கும்: இப்போதைய பிழைக்கு ஒரு பங்கு, இதுவரை சேர்ந்த பிழைக்கு ஒரு பங்கு, பிழை மாறும் வேகத்துக்கு ஒரு பங்கு. உங்கள் வீட்டில் யாராவது பேக்டரியில் வேலை பார்த்தால், அவர்களிடம் அனுமதி வாங்கச் சொல்லி ஒரு மணி நேரம் ட்ரையர் பக்கம் நின்று, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையையும் விறகு போட்ட நேரத்தையும் குறித்து வாருங்கள். வீட்டுக்கு வந்து வரைபடமாக வரையுங்கள். முதல் செமஸ்டருக்கு முன்னாலேயே உங்களிடம் சொந்தத் தரவு இருக்கும்.

அடுத்தது பைக்காரா. 1932-ல் சிங்காராவில் தொடங்கிய மின்நிலையம், அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக உயரத்திலிருந்து தண்ணீரை இறக்கிய நிலையங்களில் ஒன்று. கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர், பெல்ட்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் பாய்ந்து சுழற்றுகிறது. ஊரில் விளக்குகள் ஏறினால் சக்கரத்தின் வேகம் குறையப் பார்க்கும். கவர்னர் அதை உணர்ந்து, தண்ணீர் பாயும் வாயான நாசிலைத் திறக்கும். மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே நிற்க இப்படிப் பல நிலையங்களின் கவர்னர்கள் இடைவிடாமல் உழைக்கின்றன.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, மாணவர்கள் பலர் இதைப் புத்தகத்தில் படித்துக் குழம்புகிறார்கள். நாசிலைத் திறந்தால் சக்தி கூட வேண்டும் அல்லவா? முதல் நொடியில் குறைகிறது. குழாய் முழுக்க நிற்கும் அத்தனை நீண்ட தண்ணீர்த் தூண் உடனே வேகம் எடுக்காது. வாய் அகலமானதும் அழுத்தம் இறங்கிவிடும். தண்ணீர் வேகம் பிடித்த பிறகுதான் சக்தி ஏறும். அவசரப்பட்ட கவர்னர் இந்த முதல் இறக்கத்தைப் பார்த்து இன்னும் திறந்தால் நிலைமை மோசமாகும். மூடும்போது வேறு ஆபத்து. சட்டென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் குழாயையே பிளக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறும். அதனால் நாசிலை மெதுவாகத்தான் மூடுவார்கள். அதற்குள் சக்கரம் ஓடிப்போகாமல் இருக்க, ஒரு டிஃப்ளெக்டர் தகடு முதலில் குறுக்கே வந்து நீர்ப்பாய்ச்சலைத் திருப்பிவிடும். வேகமான கை ஒன்று, நிதானமான கை ஒன்று. மூன்றாம் ஆண்டில் மாற்றுச் சார்பின் (டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன்) வலப்பக்கப் பூஜ்யம் என்று ஒன்று வரும்போது சிங்காராவின் இந்தக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மின்நிலையத்துக்குள் சும்மா போய்ப் பார்க்க முடியாது. கல்லூரியில் சேர்ந்த பிறகு துறைத் தலைவரின் கடிதத்தோடு மின் வாரியத்திடம் அனுமதி கேட்கலாம்.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி வேறு பாடம் சொல்லும். 1970-ல் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானத்தில் ஒரு பொருளைத் தொடர்ந்து பார்க்க, சாதாரணமாகத் தொலைநோக்கியை இரண்டு அச்சுகளில் திருப்ப வேண்டும். இவ்வளவு பெரியதை இரண்டு பக்கமும் திருப்புவது பெரும்பாடு. அவர்கள் ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமாக, ஏறக்குறைய 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்து, தெற்கு வடக்காக அதில் கட்டினார்கள். அதனால் நீள அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாகிவிட்டது. கிழக்கிலிருந்து மேற்காக ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு பொருளைத் தொடர முடியும். கன்ட்ரோலர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை மலைச்சரிவே செய்துவிட்டது. நல்ல கட்டுப்பாட்டு வடிவமைப்பு என்பது கன்ட்ரோலரில் தொடங்குவதில்லை என்று நான் நம்புவதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

ஒரு பிஸ்கட் டின், ஒரு பல்ப்

பார்த்தது போதாது, கையால் செய்ய வேண்டும். ஒரு டின்னைப் பல்ப் சூட்டில் 40 டிகிரியில் நிறுத்தும் சுற்றைக் கட்டுவோம். வேண்டியவை: நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினியான ஆர்டுயினோ போர்டு ஒன்று, டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், அதற்கு 4.7 கிலோ ஓம் மின்தடை, பல்பின் சக்தியைக் கூட்டிக் குறைக்க மாஸ்ஃபெட் மாட்யூல், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், வண்டி இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்ப், ஹோல்டர், பழைய பிஸ்கட் டின். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் பல்ப் போட்டுச் செய்யாதீர்கள். தெர்மாகோல் பெட்டியும் வேண்டாம், பல்ப் சூட்டில் உருகிவிடும்.

சென்சாரைச் சோதிக்கும்போது ஒரு விஷயம். பல வீடியோக்களில் கொதிக்கும் நீரில் வைத்து 100 டிகிரி காட்டுகிறதா பார் என்பார்கள். ஊட்டி 2240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 பக்கம். சென்சார் பழுது என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் 0 டிகிரி காட்டுகிறதா என்று பாருங்கள், அது எந்த உயரத்திலும் மாறாது.

முதல் சோதனையில் கன்ட்ரோலர் வேண்டாம். பல்பைப் பாதி சக்தியில் எரியவிட்டு, நொடிக்கு ஒரு முறை வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள். வளைவு தொடக்கத்தில் கொஞ்சம் தயங்கி, ஏறி, பிறகு தட்டையாகும். தயங்கும் நேரம்தான் தாமதம். தயக்கம் முடிந்ததிலிருந்து மொத்த ஏற்றத்தில் 63 சதவீதத்தை எட்ட ஆகும் நேரம் கால மாறிலி. இந்த இரண்டு எண்ணும் உங்கள் டின்னின் ஜாதகம். ஒரு நல்ல நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்புறம் ஆன்-ஆஃப் முறை: 40 டிகிரிக்குக் கீழே போனால் எரி, மேலே போனால் அணை. வெப்பநிலை 40-ஐச் சுற்றி ரம்பப் பல் போல ஆடும். அடுத்து விகிதக் கட்டுப்பாடு மட்டும்: பிழை எவ்வளவோ அதற்கேற்ற சக்தி. ஆட்டம் அடங்கும், ஆனால் 40-ஐத் தொடாமல் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று இரண்டு நாள் யோசியுங்கள், உடனே விடையைத் தேட வேண்டாம். பிழை பூஜ்யமானால் பல்பும் அணைந்துவிடும் அல்லவா, அப்படியிருக்க சூடு எப்படி நிற்கும்? இந்தக் கேள்வி உள்ளே இறங்கிய பிறகு தொகைப் பகுதியைச் சேருங்கள். அது பழைய பிழைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, பிழை இல்லாத நேரத்திலும் பல்பை எரியவைக்கும்.

இப்போது ஜனவரி மாத விடியற்காலையில் டின்னை மூடியில்லாமல் வாசலில் வைத்துப் பாருங்கள். குளிரில் பல்ப் முழுச் சக்தியில் எரிந்தும் 40 வராது. தொகைப் பகுதி மட்டும் ஏறிக்கொண்டே போகும். அரை மணி நேரம் கழித்து டின்னை உள்ளே கொண்டுவந்து மூடினால் சூடு 40-ஐ வெகுவாகத் தாண்டிப் போகும், சேர்ந்த கணக்கு கரையும் வரை இறங்காது. வைண்ட்-அப் என்று புத்தகம் இதைச் சொல்கிறது. தொகைக்கு ஒரு உச்ச வரம்பு வைத்தால் சரியாகும். சமவெளிக் கல்லூரி ஆய்வகத்தில் இதைக் காட்டுவதற்குச் சிரமப்படுவார்கள், உங்களுக்கு வாசலிலேயே இருக்கிறது.

கடைசிச் சோதனை தாமதத்துக்கு. சென்சாரை மணல் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் புதைத்து, அதே எண்களோடு ஓட்டுங்கள். பல்ப் அதே, டின் அதே, நிரல் அதே. ஆனால் நன்றாக இருந்த சுற்று ஆடத் தொடங்கும். 1942-ல் சீக்லரும் நிக்கோல்ஸும் தந்த முறைப்படி, விகிதப் பகுதியை மட்டும் வைத்து ஆட்டம் கூடாமலும் குறையாமலும் நிற்கும் வரை, பிழையைப் பெருக்கும் எண்ணான பெருக்கத்தை (கெயின்) ஏற்றுங்கள். அந்தப் பெருக்கத்தில் 0.6 பங்கு, ஆட்டக் காலத்தில் பாதி தொகை நேரம், எட்டில் ஒரு பங்கு வகைக்கெழு நேரம். இது தொடக்கம்தான், பிறகு கையால் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும்.

கல்லூரிக்குள் போன பிறகு

மலையிலிருந்து இறங்கிக் கோவைக்கோ திருச்சிக்கோ போனவர்களுக்கு முதல் செமஸ்டர் வெயிலிலும் ஆங்கிலத்திலும் கழியும். தமிழ் வழியில் படித்தவர்கள் பின்பெஞ்சுக்குப் போய்விடக் கூடாது. ஒவ்வொரு பாடத்தையும் அன்று இரவே தமிழில், வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள் என்றால் அதிலேயே, யாருக்காவது ஃபோனில் விளக்கிப் பாருங்கள். விளக்க முடியாத இடம்தான் புரியாத இடம்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் தாள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் வரும். அதற்கு முன்னால் வரும் லாப்லாஸ் உருமாற்றத்தை அலட்சியமாக விடாதீர்கள். வகைக்கெழுச் சமன்பாட்டை இயற்கணிதமாக்கித் தருவது அதுதான். சுற்று நிலையாக நிற்குமா என்று காட்டும் ரூட் லோகஸ், போடே வரைபடம், நைக்விஸ்ட் வரைபடம் மூன்றையும் வரையத் தெரிந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். மதிப்பெண்ணோடு நிற்காதீர்கள். போடே வரைபடத்தைப் பார்த்ததும் இந்தச் சுற்றுக்கு இன்னும் எவ்வளவு தாமதத்தைத் தாங்கும் சக்தி இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஃபேஸ் மார்ஜின் என்பது அதன் அளவுதான். பிறகு பின்னிக் கிடக்கும் சமன்பாடுகளை அணியாக எழுதும் ஸ்டேட் ஸ்பேஸ் முறை வரும், பிளஸ் டூ அணிகள் மறுபடி உயிர்பெறும்.

புத்தகத்துக்கு, இந்திய மாணவர்கள் தலைமுறையாகப் படித்துவரும் நாக்ராத், கோபால் இருவரின் நூல் தேர்வுக்குப் போதும். புரிதலுக்கு ஆஸ்ட்ரோம், முர்ரே எழுதிய பின்னூட்ட நூலை ஆசிரியர்களே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் கன்ட்ரோல் வகுப்புகள் முழுதாக இலவசம், சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக் கட்டணம். மென்பொருளுக்கு மேட்லேப் வாங்க வசதியில்லை என்று கவலைப்பட வேண்டாம். சைலேப், ஆக்டேவ், பைத்தானின் கன்ட்ரோல் நூலகம் எல்லாம் இலவசம், பட்டப்படிப்புக்கு வேண்டியதை இவை செய்யும். தொழிற்சாலை எந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி. கற்றுத் தருகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களுக்கு மூன்றாம் ஆண்டுக்கு முன் பணம் கட்டாதீர்கள்.

எந்திரத்துக்கு வெளியே

வீனரின் கனவு எந்திரத்தோடு முடிவதல்ல. ராஸ் ஆஷ்பி ஒரு மனநல மருத்துவர். 1948-ல் ஹோமியோஸ்டாட் என்ற கருவியைக் கட்டி, குலைத்தாலும் தானே சமநிலை தேடும் அமைப்பு எப்படி இருக்கும் என்று காட்டினார். அவர் 1956-ல் எழுதிய அறிமுக நூல், பொறியியல் படிக்காதவர்களுக்கும் புரியும் அளவுக்குப் பொறுமையாக எழுதப்பட்டது. பி.இ. பாடத்திட்டம் உங்களை அதன் பக்கம் கூட்டிப்போகாது. நீங்களாகத்தான் போக வேண்டும், கண்டிப்பாகப் போங்கள்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தேயிலையின் விலை இறங்குகிறது. சிறு விவசாயி வருமானத்தை ஈடுகட்ட, இரண்டு இலை ஒரு குருத்து என்று பார்த்துப் பறிப்பதை விட்டு, எடை கூட முற்றிய இலையையும் சேர்த்துப் பறிக்கிறார். தூளின் தரம் இறங்குகிறது. ஏலத்தில் விலை இன்னும் இறங்குகிறது, மறுபடி இலைக்கும் விலை இறங்குகிறது. ஒவ்வொருவரும் தன் நிலையில் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறார், ஆனால் சுற்று எல்லோரையும் கீழே இழுக்கிறது. வித்தியாசத்தைக் குறைக்காமல் பெருக்கும் இந்த வகைச் சுற்றுக்கு நேர்ப் பின்னூட்டம் என்று பெயர். இதை எங்கே வெட்டலாம்? இலையின் தரத்தைப் பேக்டரி வாசலிலேயே அளந்து அதற்கேற்ற விலை தந்தால் என்ன ஆகும்? விலை விவசாயி கைக்கு வர ஆகும் தாமதம் என்ன? இதை ஒரு மாதிரியாக எழுதி கணினியில் ஓட்டினால், அது நல்ல சைபர்நெட்டிக்ஸ் வேலை.

சோலைக்காடும் புல்வெளியும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் கத்தி வைத்து வெட்டியதுபோல எல்லை வைத்து நிற்பதற்கும் இப்படி ஒரு விளக்கம் உண்டு. திறந்த புல்வெளியில் விழும் உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடும். மரக்கூரையின் கீழே உறைபனி இறங்காது, அதனால் அங்கே கன்று பிழைக்கும். காடு இருக்கும் இடத்தில் காடு நீடிக்கிறது, புல் இருக்கும் இடத்தில் புல் நீடிக்கிறது. ஒரே மலையில் இரண்டு நிலையான நிலைகள்.

கடைசி ஆண்டும் அதற்குப் பிறகும்

இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்கும் பழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் ஊரில் இருக்கும் ஒரு சுற்றை எடுங்கள். பட்டன் காளான் வளர்க்கும் கொட்டகையில் வெப்பநிலையும் ஈரப்பதமும் கரியமில வாயுவும் ஒன்றையொன்று பாதிக்கும். காற்றை மாற்ற விசிறி போட்டால் ஈரம் போகும், ஈரத்துக்குத் தெளித்தால் சூடு இறங்கும். மூன்று அளவு, மூன்று கை, எல்லாம் பின்னிக் கிடக்கும் அருமையான புராஜெக்ட் அது. வாடல் தொட்டியில் காற்றின் வேகத்தை இலையின் எடை குறைவதைப் பார்த்து மாற்றுவது இன்னொன்று. இடத்துச் சொந்தக்காரரிடம் முதலில் பேசுங்கள், அவருக்குத் தேவையில்லாத ஒன்றைக் கட்டிப் பயனில்லை.

மேற்படிப்புக்கு கேட் தேர்வில் இன்ஸ்ட்ருமென்டேஷன் தனித் தாளாகவே இருக்கிறது. ஐ.ஐ.டி. மும்பையில் சிஸ்டம்ஸ் அண்ட் கன்ட்ரோல் என்று தனி எம்.டெக் உண்டு. கேட் மூலம் எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும், வீட்டில் சொல்லிப் புரியவைக்க இந்த எண் உதவும். முதுநிலை இயற்பியல் முடித்தவர்களை ஏற்கும் எம்.டெக் பிரிவுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்தின் தகுதிப் பட்டியலையும் கேட் விண்ணப்பத்துக்கு முன்பே படித்துக்கொள்ளுங்கள்.

சைபர்நெட்டிக்ஸ் என்ற பெயரிலேயே படிக்க ஆசை என்றால் வெளிநாடுதான். நார்வேயில் டிரான்ட்ஹைம் நகரின் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சைபர்நெட்டிக்ஸ் துறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. முன்பு யாருக்கும் கட்டணம் இல்லை, 2023-லிருந்து ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வருகிறவர்கள் கட்ட வேண்டும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பெயரில் பட்டம் உண்டு. இளநிலை ஜெர்மன் மொழியில்தான், அந்த மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1500 யூரோ கட்டணம். ஜெர்மனி விசாவுக்கு, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும், அது வரக் காலம் எடுக்கும். ஆஸ்திரேலியாவில் கான்பெராவின் தேசியப் பல்கலைக்கழகம் 2021-ல் சைபர்நெட்டிக்ஸ் பள்ளி ஒன்றைத் தொடங்கியது, அங்கே எந்திரத்தை விடச் சமூகமும் தொழில்நுட்பமும் கலந்த கேள்விகளுக்கு இடம் அதிகம். மூன்றில் எதற்குப் போவதானாலும் மதிப்பெண் பட்டியல்களும் பாடத்திட்ட நகலும் பல்கலைக்கழக முத்திரையோடு வேண்டியிருக்கும். ஏழாவது செமஸ்டர் தொடங்கும்போதே அவற்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.